மன்னிப்புக் கடிதத்தின் இரண்டாவது பத்தி

என் கடை போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே இருக்கிறது. டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன். பத்துக்குப் பத்து அறையில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர், நினைத்தபோது மட்டும் சுற்றும் ஒரு ஃபேன், பிறகு நான். வில்லியனூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போடத்தான் ஆசைப்பட்டேன். கிடைத்தது எங்கள் கொம்யூன் பஞ்சாயத்துக் கடைத்தெருவில், ஸ்டேஷன் வாசலைப் பார்த்த இந்த அறை. இங்கே கடை வைத்தால் புகார் மனுவாக வந்து குவியும் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்து குவிந்ததென்னவோ மன்னிப்புக் கடிதங்கள்தான்.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. வரப்புத் தகராறு, குடித்துவிட்டுத் தெருவில் கத்தியது, திருவிழா பேனரைக் கிழித்தது, எதுவானாலும் முதலில் இரண்டு தரப்பையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். உட்கார வைத்து என்பது பேச்சுக்குத்தான். ஒரு தரப்பு உட்காரும், ஒரு தரப்பு நிற்கும். கடைசியில் நிற்கிற தரப்பைப் பார்த்து, "கேசு கீசுன்னு போனா உனக்குத்தான் அலைச்சல். எதிர்ல போயி ஒரு லெட்டர் அடிச்சினு வந்து குடுத்துட்டுப் போ" என்பார்கள். கேஸ் இல்லாமல் முடிந்ததே என்று அவர்களும் பெருமூச்சு விட்டபடி சாலையைக் கடந்து வந்து என் ஸ்டூலில் உட்காருவார்கள். இதை ஒரு பெரிய உபகாரம் என்றே நானும் நினைத்திருந்தேன்.

அதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் வைத்திருந்தேன். பெயரே 'மன்னிப்பு'. மொத்தம் நான்கு பத்தி. முதல் பத்தியில் ஊர், பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர். இரண்டாவது பத்தியில் செய்த தப்பு. அது எப்போதும் 'அறியாமையாலும் பிறர் தூண்டுதலாலும்' என்றுதான் தொடங்கும். மூன்றாவதில் அதிகாரி சமூகம் அவர்கள் பெரிய மனது பண்ணி மன்னிக்கும்படி வேண்டுதல். நான்காவதில் இனி எக்காலத்திலும் இதுபோல் நடந்துகொள்ள மாட்டேன் என்ற உறுதி. வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து அதைப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தேன். ஆள் மாறினால் பெயரை மாற்றுவேன், தப்பு மாறினால் இரண்டாவது பத்தியை மாற்றுவேன், அவ்வளவுதான் வேலை. காட்டேரிக்குப்பத்திலிருந்துகூட என் கடையைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. எனக்கு அதில் பெருமை வேறு. நான் எழுதுகிறவள் இல்லை, அடிக்கிறவள். எழுத்து என் கண் வழியாக நுழைந்து விரல் வழியாக வெளியே போய்விடும். நடுவில் தலைக்கு வேலை கிடையாது.

நான் சொல்ல வந்த பெண்ணை எனக்கு முதலில் தெரிந்தது வேறொரு வேலையில். ஆற்றை ஒட்டிய ஊர் ஒன்றில், காலனியில் குடியிருப்பவள். அந்த ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை, வவுச்சர் ஊழியர். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வார்த்தைக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வேலை உண்டு, வேலையில் இருக்கிறாய் என்று சொல்லும் ஆர்டர் கிடையாது. என்றைக்காவது பர்மனென்ட் ஆகும் என்று காத்திருக்க வேண்டும். நாளையிலிருந்து வராதே என்றால் போய்விட வேண்டும்.

குடியரசு தினத்துக்கு முன்னால் பள்ளிக்கூடங்களிலிருந்து எனக்கு ஒரு வேலை வரும். அரசியலமைப்பின் முகப்புரையைப் பெரிய தாளில் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து தர வேண்டும். ஒரு வருஷம் அதை வாங்கிப் போக ஹெச்.எம். அவளை அனுப்பியிருந்தார். லேமினேஷன் சூடு ஆறும்வரை நின்றவள், எட்டாவது படித்த தமிழில் எழுத்துக் கூட்டி அதை வாய்விட்டுப் படித்தாள். நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நெனச்சத சொல்றதுக்கு சுதந்திரம் இருக்குன்னு போட்டிருக்கே, நெசமாக்கா?"

"கவர்மெண்ட்டே போட்டிருக்குது. அப்புறம் இன்னா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே சுருட்டி எடுத்துப் போனாள். ஹெச்.எம். அறைக்கு வெளியே அதை மாட்டினார்களாம். தினமும் காலையில் ஈரத்துணியால் அதைத் துடைப்பதும் அவள் வேலைதான் என்று பிறகு ஒருமுறை சொன்னாள்.

அவள் காலனிக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி உண்டு. ஊருக்குத் தனித் தொட்டி, காலனிக்குத் தனித் தொட்டி. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. நான் ஊர்ப் பக்கத்துக்காரி, கரும்பு போட்ட குடும்பம். கேட்க வேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை. அந்தக் காலனித் தொட்டியின் மூடி உடைந்து ரொம்ப நாளாகிவிட்டது. குழாயைத் திறந்தால் நாற்றம். கொம்யூன் ஆபீசுக்கு இரண்டு முறை மனு கொடுத்தாள். இரண்டையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். சீல் வைத்து வாங்கிக்கொண்டார்கள், பிறகு பதிலே இல்லை. இதற்குள் பத்தாவது படிக்கும் அவள் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, போனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தத் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறிவிட்டாள். அவள் எடுத்த வீடியோவை நானும் பார்த்தேன். முதலில் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்கும். பிறகு தொட்டிக்குள் பச்சைப் பாசி, மிதக்கிற ஒரு ஒற்றைச் செருப்பு, ஓரமாக ஒரு செத்த காக்கா. பிறகு அவள் முகம்.

"இதத்தான் எங்க புள்ளைங்க குடிக்குது. கிளீன் பண்ணதா பில்லு போட்டவங்க யாரா இருந்தாலும் வாங்க, நான் ஒரு சொம்பு மொண்டு தர்றேன், ஒரு மொடக்கு குடிச்சிக் காட்டுங்க."

இவ்வளவுதான் அவள் பேசியது. யாரையும் பேர் சொல்லவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றில்லை. பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அன்று பொழுது சாய்வதற்குள் பாகூர் வரைக்கும் எல்லார் போனிலும் அது வந்துவிட்டது.

மறுநாளே ஆள் வந்து தொட்டியைக் கழுவினார்கள். புது மூடி போட்டுப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அதையும் எல்லோருக்கும் அனுப்பினார்கள். காக்கா இன்றைக்கு இல்லை, அதனால் நேற்றும் இல்லை என்று ஆகிவிட்டது. தொட்டி கழுவும் கான்ட்ராக்ட் எடுத்திருந்தவர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். வதந்தி பரப்புகிறாள், ஊருக்கும் காலனிக்கும் சண்டை மூட்டுகிறாள் என்று புகார்.

காலையில் ஸ்டேஷனுக்குள் போனவள் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வெளியே வந்தாள். என் கடையிலிருந்து பார்த்தால் ஸ்டேஷன் முன்வராந்தா தெரியும். அவ்வளவு நேரமும் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். சாப்பிட்டாளா என்று போய்க் கேட்டிருக்கலாம். நான் போகவில்லை.

சாலையைக் கடந்து வந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியை அழுத்திவிட்டுக்கொண்டாள்.

"லெட்டர் ஒண்ணு வேணுமாம்க்கா. அது குடுத்தா கேசு இல்லியாம்."

'மன்னிப்பு' ஃபைலைத் திறந்தேன். பெயர் மாற்றினேன். இரண்டாவது பத்தியில் 'அறியாமையாலும் பிறர் தூண்டுதலாலும் குடிநீர்த் தொட்டி குறித்துப் பொய்யான செய்தியைப் பரப்பியது என் தவறு' என்று போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிரிண்ட் எடுத்துப் பேனாவோடு நீட்டினேன். அவள் பேனாவை வாங்கவில்லை.

"வரி வரியா படிச்சிச் சொல்லுக்கா. கண்ணு இருட்டினு வருது."

படித்தேன். பொய்யான செய்தி என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பொய்யா? எம்பொண்ணு மஞ்ச காமாலைல படுத்துனு இருக்கா. அது பொய்யாக்கா?"

"எல்லாம் ஃபார்மாலிட்டிம்மா. இப்பிடித்தான் எழுதறது."

"ஏணி மேல ஏறுனது தப்புன்னு எழுது, ஒத்துக்கறேன். பேசுனது தப்புன்னுகூட எழுதிக்கோ. பொய்யின்றத மட்டும் எடுத்துடு. ஸ்கூல்ல நீ அடிச்சிக் குடுத்தத நான் தெனம் தொடைக்கறேன்க்கா. அதுல ஒண்ணு, இதுல ஒண்ணா அடிப்ப?"

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவள் மேல்தான் வந்தது. சின்ன விஷயத்தை இழுக்கிறாளே என்று. ஆனாலும் அந்த வரியை எடுத்துவிட்டு வேறு பிரிண்ட் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனாள். பத்து நிமிஷத்தில் ஏட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர்தான், என் மகன் கல்யாணத்துக்கு வந்தவர்.

"டைப்பிங் அம்மா, இன்னாம்மா இது? வழக்கமா நல்லாத்தான அடிப்பீங்க? பொய்யின்னு ஒரு வார்த்த இல்லாம இத வாங்கி நான் இன்னா பண்றது? தவள தன் வாயால கெட்டிருக்கு, நீங்க வேற." அவள் பக்கம் திரும்பி, "ஒனக்கு வீட்டுக்குப் போவணுமா வேணாமா?" என்றார்.

அவர் வெளியே போய் நின்றதும் நான் அவளிடம் பேசினேன். அந்தப் பேச்சை இன்றைக்கும் ஒரு சொல் விடாமல் சொல்ல முடியும்.

"காயிதத்துல இருக்கறதா நெசம்? கையெழுத்தப் போட்டுட்டு வூட்டுக்குப் போயி பொண்ணப் பாரு. தண்ணி எப்பிடி இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உண்ம எங்கடி போயிடப்போவுது?"

பொய் என்று இருந்த முதல் பிரிண்டை மறுபடியும் அவள் முன்னால் நகர்த்தினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். பெயரின் கடைசி எழுத்துக்கு மேல் புள்ளி வைக்கும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. சாயந்திரம் ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் அதே கடிதத்தைக் கொண்டுவந்து இரண்டு காப்பி கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்தக் கிழிசல்கூடத் தெளிவாக விழும்படி எடுத்துக் கொடுத்தேன்.

அந்த இரண்டு காப்பியும் எங்கே போயின என்பது மாசம் முடிவதற்குள் தெரிந்துவிட்டது. ஒன்று கொம்யூன் ஆபீசுக்கு. அவள் கொடுத்த மனுக்களுக்கு முதல்முறையாகப் பதில் வந்தது: தாம் கூறியது பொய் என மனுதாரரே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளதால் மனு முடித்துவைக்கப்படுகிறது. இன்னொன்று பள்ளிக்கூடத்துக்கு. ஹெச்.எம். நல்லவர், அவளைத் திட்டவில்லை. "எழுத்துல இருக்கேம்மா, நான் இன்னா செய்ய முடியும்?" என்று மட்டும் சொன்னாராம். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்.

பதில் கடிதத்தை அவள் என்னிடம் காட்டினபோது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படித்துச் சொல்லச் சொன்னாள், கேட்டுக்கொண்டாள், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வில்லியனூரில் எனக்குத் தெரிந்த வக்கீல் பெண் ஒருத்தி இருக்கிறாள். சட்டக் கல்லூரியில் படிக்கும்போது அவள் செமினார் பேப்பர் முழுவதையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். மன்னிப்புக் கடிதத்தை இன்னொரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போய், அவளிடம் காட்டி நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"எஃப்.ஐ.ஆர். நம்பர் இன்னாக்கா?"

"கேசு போடலம்மா. அதுக்குத்தான லெட்டர் குடுத்தது."

அவள் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கேசு போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்க்கா. தொட்டி வீடியோல தெரியுது, பொண்ணோட ஆஸ்பத்திரி சீட்டு இருக்குது, ரெண்டு மனுவுக்கு சீல் இருக்குது. கோர்ட்டுல நிக்கவே நிக்காது. அவங்ககிட்ட ஒரு ஆதாரமும் இல்ல. அவங்க கையில இருந்த ஒரே பேப்பர் நீங்க அடிச்சிக் குடுத்ததுதான்."

அவள் அலமாரியிலிருந்து பழைய ஸ்பைரல் பைண்டிங் ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டாள். நான் அடித்த செமினார் பேப்பர்தான். பத்தொன்பதாவது உறுப்பு, பேச்சுரிமை. அதற்கு எங்கெல்லாம் கட்டுப்பாடு போடலாம், எங்கெல்லாம் போடக் கூடாது என்று பக்கம் பக்கமாக. இருபதாவது உறுப்பு, குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒவ்வொரு வரியும் என் விரல் வழியாகப் போனது, ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பேரை அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைத்து அனுப்பினேன் என்று எண்ணிப் பார்த்தேன், கணக்கு வரவில்லை.

"அந்த அக்காவக் கூட்டினு வாங்க. மெரட்டி வாங்குனதுன்னு மனு போடலாம். நாளாவும், ஆனா போராடலாம்" என்றாள்.

கடைக்குத் திரும்பியதும் 'மன்னிப்பு' ஃபைலை அழித்தேன். மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். பிறந்ததிலிருந்து இந்தப் பக்கத்திலேயே இருக்கிறேன், ஒரு காலனி வீட்டு வாசற்படி ஏறியது அதுதான் முதல் தடவை. எனக்கு வெட்கமாக இருந்தது. மகள் பாயில் சாய்ந்துகொண்டு படித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் மஞ்சள் முழுசாகப் போயிருக்கவில்லை. அவள் எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு, மகளைக் கடைக்கு அனுப்பி ஒரு கலர் பாட்டில் வாங்கிவரச் சொன்னாள்.

"வேண்டாம்மா, தண்ணி குடு போதும்" என்றேன்.

"தண்ணி குடுக்க மாட்டேன்க்கா. மறுபடியும் நாறுது."

வக்கீல் சொன்னதையெல்லாம் சொன்னேன். பத்தொன்பது, இருபது என்று நம்பர் போட்டுச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "சட்டத்துல இருக்கறது எனக்கு அன்னிக்கே தெரியுமேக்கா. நான்தான தொடச்சேன்" என்றாள். பிறகு, கலரோடு திரும்பி வந்த மகளைக் கண்ணால் காட்டி, "அவளுக்குப் பரிச்ச வருது. கேசுன்னு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் என்னால ஆவாது. வுட்ருக்கா" என்றாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. ஒருமுறை கட்டாயப்படுத்தினவள்தானே நான். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கலரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

இப்போதும் எதிரே இருந்து ஆட்களை அனுப்புகிறார்கள். மன்னிப்புக் கடிதம் அடிப்பதில்லை என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் முனகிக்கொண்டே இரண்டு கடை தள்ளிப் போய் அடித்துக்கொள்கிறார்கள். அங்கே இருப்பது என்னிடமிருந்து போன நகல்தான், இரண்டாவது பத்தி உட்பட. ஏட்டு என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

போன வாரம் அவள் வந்தாள். மகள் பாஸ் ஆகிவிட்டாள் என்றாள். கடையில் ஜெராக்ஸுக்கு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஸ்கூல்ல மறுபடியும் ஆள் எடுக்கறாங்களாம்க்கா. மேல எடத்துக்கு ஒரு லெட்டர் குடுத்தா சேத்துக்குவாங்கன்றாங்க. அன்னிக்கு அடிச்சியே, அது மாதிரியே ஒண்ணு அடிச்சிக் குடு."

"அந்த ஃபைல அழிச்சிட்டேன்மா. நான் இப்ப அது அடிக்கறதில்ல."

"ஒனக்குத் தெரியாததா? நீ அடிச்சாத்தான்க்கா எடுபடும்."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் வேலைக்காகக் கேட்கிறாள், அந்த வேலை போனது என்னால். கீபோர்டை இழுத்துக்கொண்டேன். ஃபைல் அழிந்திருந்தது, விரலில் இருந்து அழியவில்லை. முதல் பத்தி தானாக வந்தது. இரண்டாவது பத்தியில், தூண்டுதலாலும் என்ற சொல்லுக்குப் பிறகு, நிறுத்திவிட்டேன்.

"இங்க இன்னாம்மா போடட்டும்?"

"பொய்யின்னே போடுக்கா. அப்பத்தான் சேத்துக்குவாங்களாம்."

அடித்தேன். பிரிண்டர் சூடாகும்வரை கேட்காமல் இருக்க முடியவில்லை. "இப்ப தண்ணி எப்பிடிம்மா இருக்குது?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். எதிரே ஸ்டேஷன் வராந்தாவில் ஏட்டு நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரத்துக்கு எந்தப் பேச்சும் கேட்காது.

"தண்ணிக்கு இன்னாக்கா, நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

தாளை எடுத்து நீட்டினேன். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்து எந்த இடத்தில் போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.